ஒரு நூல் தள்ளி ஒரு காப்புரிமை

பெட்டி, ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளும் ஃபாலோயர், அடிமூடி. துப்பாக்கி மேகசின் என்பது இவ்வளவுதான். கழற்றி மாட்டும் பெட்டி மேகசினுக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். இனி நமக்கு என்ன மிச்சம் என்று மலைக்காதீர்கள். கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் போகட்டும், எழுதத் தெரிந்தால் போதும்.

பழைய மேகசினின் பக்கவாட்டில் ஓடும் மேடான வரியை ஒரு நூல் தள்ளிப் போடுங்கள். விண்ணப்பத்தில் அதை வரி என்று எழுதினால் காரியம் கெட்டது. ‘உடலின் வெளிப்பரப்பில் ஏறத்தாழ நெடுக்குவாட்டில் அமைந்த, ஒன்று அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட பிடிமான உறுப்புகள்’ என்று எழுதுங்கள். நாளைக்கு எவனாவது சற்றுச் சாய்வாகப் போட்டாலும் அந்த ‘ஏறத்தாழ’ அவன் சட்டையைப் பிடிக்கும்.

பரிசோதகர் பழைய தீர்ப்புகளை எடுப்பார். உலோகத்துக்கும் மரத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் கதவுக் குமிழ் செய்தவருக்கு 1851-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஆகவே, அலுமினியத்தைப் பிளாஸ்டிக்காக மாற்றியதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தெரிந்த சாமான்களைத் தெரிந்த விதத்தில் சேர்த்து, எதிர்பார்த்த பலனே வந்தால் அது கண்டுபிடிப்பு அல்ல என்ற அதே நீதிமன்றத்தின் 2007 கே.எஸ்.ஆர். தீர்ப்பு இன்னும் மோசம். நிராகரித்தால் ஒரு சொல்லைக் கூட்டித் திரும்ப அனுப்புங்கள். ‘இறுதி நிராகரிப்பு’ வந்தாலும், பணம் கட்டினால் மறுபடி பார்ப்பார்கள். இத்தனை தடவைதான் என்று கணக்கில்லை.

அதுவும் தேறாவிட்டால் வடிவமைப்புக் காப்புரிமை கேளுங்கள், 15 வருடம் கிடைக்கும். ஆனால் அது அலங்காரத்துக்கு மட்டும்தான். நேற்றுவரை பிடிமானம் என்று வாதாடிய அதே வரியை வெறும் அழகு என்று கூசாமல் சொல்ல வேண்டும்.

ஃபாலோயர்காரர்களைப் பார்த்துக் கெட்டுவிடாதீர்கள். ஃபாலோயர் முன்பக்கம் சாய்ந்தால் தோட்டாவின் மூக்கும் கவிழும், துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதன் கால்களை நீட்டிச் சாயாமல் நிறுத்தியதும் சின்ன மாற்றம்தான். ஆனால் அதை முதலில் செய்தவர், சிக்கலைக் கண்டு தீர்த்தவர். அவருக்குக் காப்புரிமை தகும். அதுபோலத்தான், துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்யும் மேக்புல் நிறுவனம் 1999-இல் தொடங்கியதே, மேகசினைப் பையிலிருந்து இழுக்க அதன் அடியில் மாட்டும் ரப்பர் வளையத்தை வைத்துத்தான். நம் வரியால் எந்தத் துப்பாக்கியும் ஒழுங்காகச் சுடப்போவதில்லை. அதற்கு வழக்கமான காப்புரிமையின் 20 வருடப் பாதுகாப்பு என்பது அநியாயம்தான். ஆனால் நீங்கள் கேட்டது வழியை.

வழக்கமான காப்புரிமை என்றால், வாங்கிய பிறகு மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடங்களில் பராமரிப்புக் கட்டணம் உண்டு (ஏழரை தற்செயல்தான்). சலுகைக் காலத்திலும் கட்டாவிட்டால் காப்புரிமை காலாவதி. அந்த வரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.