ரெண்டு கதவு போதுமா?

கிள்ளான், ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

"ரெண்டே கதவுன்னா பாதி விலைக்குத்தானே குடுத்திருக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். பக்கத்தில் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. விலையைச் சொல்ல மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

வாங்கியிருப்பது புரோட்டான் புத்ரா. 1996-இல் வந்த மாடல், பார்க்க செடான், கதவு இரண்டு. இங்கே காரைக் காடி என்பார்கள். நம்மூரில் காடி என்றால் புளித்த கஞ்சி என்றேன், ஒர்க்‌ஷாப்காரர் நம்பவில்லை. மலாயில் புத்ரா என்றால் இளவரசன். நம்ம புத்திரன்தான், கப்பலேறி வந்து பதவி உயர்வு வாங்கியிருக்கிறான். உங்கள் புத்திரனுக்குத்தான் இன்னும் வரவில்லை.

இதற்குப் பங்காளி ஒருவன் உண்டு, சத்ரியா ஜிடிஐ. 1998-இல் வந்தவன். இரண்டுக்கும் வயிற்றில் மிட்சுபிஷியின் அதே 1.8 எஞ்சின். ஆனால் அவனுக்கு நடை பழக்கியது இங்கிலாந்து லோட்டஸ் கம்பெனி. பேரும் அவனுக்கே. என் காடியைப் பார்க்கிறவர்கள், "ஏன் தம்பி, சத்ரியா கிடைக்கலையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். போதாததற்கு அவனுக்குக் கதவு மூன்றாம். டிக்கியையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்! என் டிக்கி வெறும் டிக்கி.

எஞ்சின் 1834 சிசி. 1800-ஐத் தாண்டினால் சாலை வரி அடுத்த படிக்கு ஏறிவிடும். அந்த 34 சிசி எந்த மூலையில் இருக்கிறதென்று தெரிந்தால் துணி வைத்து அடைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நான் குடியிருக்கும் வீட்டின் வீட்டுக்காரம்மாவைப் பிரிக்ஃபீல்ட்ஸ் கந்தசாமி கோவிலுக்குக் கூட்டிப்போனேன். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டும். வீட்டுக்காரம்மா தலையை விட்டார், கால் வரவில்லை. காலை விட்டார், முந்தானை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெரியவரைப் பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. மறுபக்கமாக நான் நுழைந்து கை கொடுத்து இழுத்தேன். வந்துவிட்டார். மடக்கிய சீட்டு இரண்டும் பட்டென்று நிமிர்ந்துகொண்டன. பின்சீட்டில் நாங்கள் இருவரும், முன்னால் சாவி மட்டும்.

"இப்ப காடிய யாரு தம்பி ஓட்டுறது?"

ஒருவழியாக முன்னால் வந்து கிளப்பினேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் சுபாங் பக்கம் ஒரு சத்ரியா வந்து உறுமியது. நானும் உறுமினேன். பின்னால் "முருகா, முருகா" ஆரம்பித்துவிட்டது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை, முன்னால் நெரிசல். அவனும் நின்றான், நானும் நின்றேன். இங்கே மோட்டார் சைக்கிளுக்கென்று ஓரத்தில் தனிப்பாதை இருக்கிறது. அதில் ஒரு பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிளுக்கு இங்கே அதுதான் பேர்), கைப்பிடியில் சாப்பாட்டுப் பொட்டலம் ஆட, எங்கள் இருவரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. சத்தம் அப்படியே நம்ம டிவிஎஸ் 50. அதைத் தம்பி விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் வந்துவிட்டதா? முன்சீட்டு உங்களுக்குத்தான். அம்மாவின் முழங்காலை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. சத்ரியாவாக இருந்தால் அந்த மூன்றாவது கதவு வழியாக ஏற்றிவிடலாம். இந்த வரியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

அன்பு மகன்