குளிரில் உதிர்ந்த கொழுந்து

கேள்வி: ஐயா, டீ சேட்டில் அக்ரிலிக் வர்ணத்தால் தீட்டிய தேயிலைக் கொழுந்து முதற் சலவையிலேயே உதிர்ந்துவிட்டதே, ஏன்?
— ஒரு வாசகர், நுவரெலியா

பதில்: புதுத்துணியின் கஞ்சி போகத் துவைக்காமலும், துணிக்குரிய மீடியத்தை வர்ணத்தோடு கலவாமலும் தீட்டியிருப்பீர்; அன்றியும், வர்ணத்திலுள்ள நீர் ஆவியாகித் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து படலமாவதற்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் உஷ்ணமாவது அவசியமாதலால், அதற்கும் கீழே இறங்கும் உங்களூர்த் தைமாத இரவில், லயத்து வாசலில் உலர்த்திய சித்திரத்துக்கு ஆயுள் அற்பமே. பழைய பனியன் துண்டில், வர்ணம் இரண்டு பங்குக்கு மீடியம் ஒரு பங்காக ஒரு கோடும், சமபங்காக மற்றொரு கோடும் இழுத்து, நன்கு உலர்ந்தபின் மறுபுறத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, துவைத்துப் பரீட்சித்து, விறைப்பும் வெடிப்பும் காணாததைத் தேர்ந்துகொள்வீராக. மீடியமும் இஸ்திரியுமின்றி எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாத வர்ணமே வேண்டுமென்றால், வெள்ளைச் சேட்டில் சாயத்தண்ணியைக் கைதவறி ஊற்றிப் பாரும். கொழுந்தின் பச்சையை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்.