துண்டை மாட்டிய புண்ணியவான்

நான் காஸ்டிங் போடுகிறவன். நல்லூரில், காங்கேயம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. ஒரு பனியனைக் கையில் கொடுத்தால் போதும். நூலுக்கு இவ்வளவு, நிட்டிங்குக்கு இவ்வளவு, சாயம், காம்பாக்டிங், தையல், பட்டன், அட்டைப்பெட்டி என்று பைசா சுத்தமாகப் பிரித்து வைத்துவிடுவேன். இந்தக் கெட்ட பழக்கத்தையும் கூட்டிக்கொண்டுதான் 2025 செப்டம்பரில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் காயல் கரையில், ஒரு 'பூல் வில்லா'வில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்தேன்.

போன காரணம் முக்கியமானது. ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்கு மேல் வரியை 50 சதவீதம் ஆக்கியது. கட்டி அடுக்கிய பெட்டிகள் பேக்கிங் செக்‌ஷனிலேயே நின்றன. பையரிடமிருந்து மெயிலில் ஒரே சொல்: 'ஹோல்ட்'. ஒன்றரை ஷிஃப்ட் ஓடிய லைன் ஒரு ஷிஃப்டுக்கு வந்தது. அடுத்த வாரமே வாரத்துக்கு நாலு நாள் என்று ஆனது. சனிக்கிழமைச் சம்பளக் கவர் இளைத்துப்போயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் கம்பெனியை எப்படிக் கரை சேர்ப்பது என்று ஆற அமர யோசிக்க வேண்டுமல்லவா? நல்லூரில் உட்கார்ந்தால் யோசனை வராது. சும்மா நிற்கிற மிஷினைப் பார்த்தால் மனசு கெட்டுப்போகும். அதனால் முதலாளியும் அவருடைய மச்சானும் பார்ட்னர்கள் இரண்டு பேரும் யோசிப்பதற்காகவே கிளம்பினார்கள். கணக்குச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

ஆளுக்கு ஒரு வில்லா. எனக்கு முதலாளி வில்லாவின் ஹாலில் சோபா. டிரைவருக்குக் கார்.

இறங்கியதும் இளநீர். அதன் வாயில் ஒரு செம்பருத்தி. உறிஞ்சும்போது மூக்கில் இடித்தது. காயைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம், இதுவும் எங்களைப்போலப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், பொள்ளாச்சிக் காய் என்று. மேனேஜர் கைகூப்பி, "இங்கே நேரம் நின்றுவிடும் சார்" என்றார். எங்கள் தையல் லைனிலும் அப்போது நேரம் நின்றுதான் போயிருந்தது. அதற்கு யாரும் எங்களிடம் வாடகை கேட்கவில்லை.

பிறகு குளியலறையைக் காட்டினார்கள். அதற்கு மேற்கூரை கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டே குளிக்கலாமாம். நாலு சுவர், மேலே ஆகாயம், மூலையில் ஒரு வாழை. மச்சான் மெய்மறந்து நின்றார். "என்ன ஐடியா பாருங்க!" நான் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குளியலறை. அதற்கும் கூரை இல்லை. அங்கேயும் வானம் தெரியும், அது போக மாடி வீட்டு ஜன்னலும் தெரியும். பெண்கள் விடிவதற்கு முன் நாலரை மணிக்கே குளித்துவிடுகிறார்கள். அந்த லைன் வீட்டுக்காரர் தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாமலே மாதம் நாலாயிரத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறார், பாவம்.

நீச்சல் குளத்துக்கு வருவோம். வில்லாவுக்கு ஒன்று. எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், ஆழம் ஒன்றே கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். பழக்க தோஷம், பெருக்கிவிட்டேன்: 38,400 லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் 2,560 குடம். முதலாளி அதில் முழங்கால் அளவு இறங்கி ஒரு செல்ஃபி எடுத்தார். மூன்று நாளில் அந்தக் குளம் கண்ட மொத்த உழைப்பு அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பேரிலேயே நல்லது இருக்கிறது; தண்ணீரில்தான் இல்லை. இங்கே தண்ணீர் இரண்டு சாதி. போரில் வருவது உப்புத்தண்ணி, குழாயில் வருவது நல்ல தண்ணி. நல்ல தண்ணி வருகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோம். அமாவாசை கூட அதற்கு அப்புறம்தான். நல்லூர் தனி நகராட்சியாக இருந்தபோதும் இதே கதை. 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்த்த பிறகும் இதே கதை. மாறியது வரி ரசீதின் தலைப்பு. இத்தனைக்கும் பவானி ஆற்றிலிருந்து நாளுக்குப் பதினெட்டரைக் கோடி லிட்டர் கொண்டுவரத் தனியார் கம்பெனியை வைத்துத் திட்டம் போட்ட ஊர் இது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று அப்போது பேசினார்கள். அதில் பெரும்பங்கு சாயப்பட்டறைக்கும் ஆலைக்கும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. துணி முதலில் குளிக்க வேண்டும். தைத்தவள் அப்புறம் குளித்துக்கொள்ளலாம், அதுவும் நாலரை மணிக்கு.

வில்லாவின் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன அட்டை இருந்தது. பச்சை எழுத்து, ஓரத்தில் இலை. துண்டைத் தரையில் போட்டால் மாற்றுவோம், கொக்கியில் மாட்டினால் மறுபடி பயன்படுத்துவீர்கள் என்று எடுத்துக்கொள்வோம், தண்ணீரைக் காப்பாற்ற உதவுங்கள், பூமி உங்களுக்கு நன்றி சொல்லும். முப்பத்தெட்டாயிரம் லிட்டர் குளத்துக்கு மூன்று அடி தள்ளி நின்று இந்த அட்டை பேசுகிறது. முதலாளி அதை இரண்டு முறை படித்தார். முகம் இளகியது. துண்டை எடுத்து, நீவி, கொக்கியில் மாட்டினார். "நம்மளால முடிஞ்சதுங்க" என்றார்.

முப்பது வருஷம் சாயத் தொழிலில் இருந்தவர். அவர் தண்ணீரை மிச்சம் பிடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து வருகிற ஆறு. எங்கள் ஊரைத் தாண்டும்போது அன்றைக்கு எந்த நாட்டு ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறத்தில் தாண்டிய காலம் உண்டு. ஆற்றைப் பார்த்தே இந்த சீசனில் ஐரோப்பாவில் மரூன் என்று சொல்லிவிடலாம். கீழே சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. அது சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்று விவசாயி மன்றாடுவதுதான் நாடெங்கும் வழக்கம். தயவுசெய்து திறந்துவிடாதீர்கள் என்று விவசாயி மன்றாடிய அணை அது. ஆயக்கட்டுக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் தீர்ப்பு வந்தது, யாரும் அவசரப்படவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இன்றைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவைச் சுத்தம் செய்து அதே தண்ணீரை மறுபடி சாயத்துக்கே விடுகின்றன. இது பொய் இல்லை, பெருமைப்படக்கூடிய வேலைதான். பூட்டுப் போட்ட பிறகு வந்த பெருமை, அவ்வளவுதான் வித்தியாசம். பெருமழை பெய்தால் இன்றும் ஆற்றில் நுரை வருகிறது. அது மழையின் நுரை என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஆற்றைச் சாகடித்தவர், அடுத்த மாநிலத்தில் உயிரோடு இருக்கிற தண்ணீரைப் பார்க்க ராத்திரிக்கு 38,000 ரூபாய் கொடுக்கிறார். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கொடுத்த பணத்துக்கு நிம்மதியும் கிடைத்துவிடுகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் நாள் படகில் போனோம். வேம்பநாட்டுக் காயலில் வடக்கே கையைக் காட்டி, படகுக்காரர் நெடியதுருத்து கதையைச் சொன்னார். பாணாவள்ளி ஊராட்சியைச் சேர்ந்த தீவு. அங்கே கபிகோ என்ற கம்பெனி 54 வில்லாக்களைக் கட்டியது, கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மிதித்துக்கொண்டு. சுற்றிலும் வலை கட்டி மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் விடவில்லை. 2013இல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 10இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான், இதே விதிகளை மீறிய கொச்சி மரடு அடுக்குமாடிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. நெடியதுருத்தில் கடப்பாரை விழ 2022 செப்டம்பர் ஆயிற்று.

கேட்டதும் பார்ட்னர் ஒருவர் பதறிப்போனார். "அம்பத்தி நாலு வில்லாவையுமா இடிச்சுப்போட்டாங்க? எத்தனை பேரு பொழப்பு போயிருக்கும்!" இந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன், 2011இல், பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்த வாரத்தில், இதே குரலில். பிழைப்பு என்ற சொல் எங்கள் பக்கத்தில் விசித்திரமானது. வலைக்காரனுக்கும் ஆயக்கட்டு விவசாயிக்கும் இருபது வருஷம் போனால் அது வழக்கு. முதல் போட்டவருக்கு ஒரு நாள் போனால் அதுதான் பிழைப்பு.

மச்சான் தன் பங்குக்கு நீலகிரி மசினகுடியை இழுத்தார். சிநேகிதர் ஒருவருக்கு அங்கே காட்டேஜ் இருந்ததாம். 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லி சீல் வைத்துவிட்டார்களாம். 2020 அக்டோபரில் யானை வழித்தடம் செல்லும் என்றே தீர்ப்பும் வந்துவிட்டதாம். "ஆனைக்குப் போக வேற வழியா இல்லீங்? அத்தனை பெரிய காடு!" என்றார். 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த யானை மேல் எரிகிற துணியையோ டயரையோ வீசிய வீடியோவை நாடே பார்த்தது; காது வெந்து அது செத்தும் போயிற்று. நான் அதை நினைவுபடுத்தினேன். மச்சான் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "அதுக்குத்தான் அடுத்த வருஷம் மாலத்தீவுன்னு சொல்றேன்" என்றார். "அங்க ஆனையும் இல்லை, குப்பையும் இல்லை. தீவுக்கு ஒரு ரிசார்ட்டுதான்."

குப்பை இருக்கிறது. தலைநகர் மாலேவுக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்று அதற்கென்றே ஒரு தீவு இருக்கிறது. ஆழமில்லாத கடலில் குப்பையைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய தீவு. கொட்ட ஆரம்பித்தது 1992இல், நமக்கு ஒரத்துப்பாளையம் எழும்பிய அதே வருஷம். ஒவ்வொரு சொர்க்கத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒரு தொட்டி வேண்டியிருக்கிறது. நாம்தான் விவரம் போதாமல் தொட்டியை ஊருக்குக் கிட்டத்திலேயே வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் மரத்தளத்தில் உட்கார்ந்து கம்பெனியைக் காப்பாற்றினார்கள். முந்திரி வந்தது. முதல் தீர்மானம், செக்கிங்கில் நாற்பது பெண்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பது. இரண்டாவது, சாயங்கால டீயை நிறுத்துவது. "டீல என்ன மிச்சமாகும்னு பாருங்க" என்று என்னிடம் சொன்னார்கள். பார்த்தேன். 240 பேர், ஆளுக்குப் பத்து ரூபாய், மாதம் 26 நாள்: 62,400 ரூபாய். "பரவால்லையே!" என்றார் முதலாளி. கை நிற்குமா எனக்கு? பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் போட்டுவிட்டேன். நாலு வில்லா, மூன்று ராத்திரி, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி: 5,38,080 ரூபாய். எட்டரை மாத டீ. இந்தத் தாளை நான் காட்டவில்லை. எனக்கும் பிழைப்பு இருக்கிறது.

முந்திரித் தட்டை எடுக்க வந்த பையன் மேல்தான் என் கண் நிலைத்தது. பையன் மேலே அல்ல, சட்டை மேலே. பச்சை காலர் டி-ஷர்ட், மார்பில் ரிசார்ட் முத்திரை. உடம்புத் துணிக்கும் காலருக்கும் ஷேட் அரை மாத்திரை ஒதுங்கியிருந்தது. வெயிலில் பார்த்தால்தான் தெரியும். ஷேட் வேரியேஷன் என்று பையர் தள்ளிய லாட்டாக இருக்க வேண்டும். திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்கு எடைக்குப் போட்டால் அங்கிருந்து இப்படித்தான் எங்காவது போய்ச் சேரும். நான் முறைப்பதைப் பார்த்து அவன் சிரித்தான். ஒடிசாக்காரன். "அண்ணா திருப்பூரா? நானும் நல்லூர்ல ரெண்டு வருஷம் இருந்தேன். அயர்னிங். ஷிஃப்ட் கம்மி ஆச்சு, இங்க வந்துட்டேன்." எங்கே தங்கியிருந்தாய் என்று கேட்டேன். சொன்னான். அந்த லைன் வீடுதான். இங்கே ஆறு பேருக்கு ஒரு ரூம் என்றான். எங்கே என்றேன். வில்லாக்களுக்குப் பின்னால் மூங்கில் புதர் வைத்து மறைத்திருந்த சுவரைக் காட்டினான். விருந்தாளி கண்ணில் படாமல் அவ்வளவு அடர்த்தியாக மூங்கில் வைப்பது லேசான வேலையில்லை.

"அங்க பாத்ரூமுக்குக் கூரை இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா" என்றான்.

முதலாளி வில்லாவைச் சுத்தம் செய்வதும் அவன்தான். மூன்றாம் நாள் காலையில் வந்தான். கொக்கியில் முதலாளி மாட்டியிருந்த துண்டை எடுத்தான், அழுக்குத் துணி வண்டியில் போட்டான், புதுத் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்துப் படுக்கை மேல் வைத்தான். அட்டையைக் காட்டி, "மாட்டினால் மாற்ற மாட்டோம் என்று போட்டிருக்கிறதே?" என்றேன்.

"அது சும்மாண்ணா. மாட்டினாலும் மாத்தணும். சூப்பர்வைசர் பாப்பார்."

அதற்குள் முதலாளி குளித்துவிட்டு வெளியே வந்தார். புதுத் துண்டு தோளில். காயல் காற்று பட்டு முகம் தெளிந்திருந்தது. மறுநாள் கிளம்பும்போது வரவேற்பு மேஜையில் பில் தயாராக இருந்தது. கடைசி வரியில் சுற்றுச்சூழல் பங்களிப்பு என்று ஒரு சின்னத் தொகை வேறு சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என் கையில் கொடுத்தார்.

இதை எந்தக் கணக்கில் எழுதட்டும் என்று கேட்டேன்.

கார் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "ஸ்டாஃப் வெல்ஃபேர்ல போடுங்க."