தீப்பெட்டி கொடுத்த கதை

அகத்தியர்கூடம் ஏறும் வாய்ப்பை மூன்று வருஷம் தொடர்ந்து கோட்டைவிட்டவன் நான். முதல் வருஷம், வனத்துறை முன்பதிவு தொடங்குகிற நாளை மறந்தேன். அடுத்த வருஷம் நாள் நினைவிருந்தது, பாஸ்வேர்டு மறந்துபோனது. மூன்றாம் வருஷம் இரண்டும் கைவசம் இருந்தன. உடம்பு நன்றாக இருக்கிறதென்று சான்றிதழ் தர வேண்டிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார். சிகரெட்டைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும், "இட்லியா?" என்றேன். சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஏறத்தான் கொடுத்து வைக்கவில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டாவது வருவோமென்று போன அக்டோபரில் போனக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். காணித்தடம் சோதனைச்சாவடி தாண்டினால் காடு. பஸ் முக்கி முனகி ஏறித் திரும்புகிற இடத்தோடு சாலையின் கதையும் முடிந்துவிடும். பொதிகை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த 1868 மீட்டர் சிகரம் அன்று துலாவர்ஷ மேகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மணி நேரம் நின்றேன். அகத்தியர் முகம் கொடுக்கவில்லை.

பார்க்கக் கிடைத்தது தோட்டம்தான். கொழுந்து கிள்ள ஆளில்லாவிட்டால் தேயிலை இடுப்பளவில் நிற்காது, மரமாகிவிடும். போனக்காட்டில் அப்படி மரமாகிப்போன தேயிலை நிறைய. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து கிள்ள வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். தோட்டம் முடங்கியபோது நின்றுபோன கூலிக்கும் கிராஜுவிட்டிக்கும் காத்திருந்தே பலருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் வெளியூர்க்காரர்கள் வருவது இதைப் பார்க்க இல்லை. 25 ஜி.பி. என்று பேரெடுத்த, துரை இருந்த பாழடைந்த பங்களாவில் பேய் பார்க்க வருகிறார்கள். "பேயை நாங்க கண்டதில்ல சார், பேய் பாக்க வந்தவங்க உடைச்சுப் போட்ட பாட்டிலைத்தான் கண்டிருக்கோம்" என்றார் லயத்துக்காரர் ஒருவர்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. பஸ் வருகிற இடத்தில் ஒரு கொட்டகை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, திறந்த பக்கம்தான் சாரல். உள்ளே ஒரு பாட்டியும் அவர் மடியில் நாலைந்து வயதுப் பேத்தியும். குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விதுரா தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் பங்களா பக்கமிருந்து நனைந்தபடி மூன்று இளைஞர்கள் ஓடிவந்து ஒதுங்கினார்கள். பேய் அகப்படவில்லை போலிருக்கிறது, முகத்தில் அந்த ஏமாற்றம்.

ஒருவன் மெல்லிய காகிதத்தில் ஏதோ சுருட்டினான். இந்தக் காலத்திலும் கையால் சுருட்டிப் பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களே, என்ன சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன். அவன் லைட்டர் நனைந்து வேலை செய்யவில்லை. என் பக்கம் திரும்பி, "அங்கிளே, தீப்பெட்டி உண்டோ?" என்றான். அங்கிள் என்றது சுருக்கென்றது. அந்த வருத்தத்திலேயே யோசிக்காமல் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் சிகரெட்டை விட்டு ஆறு வருஷமாகிறது என்பது வீட்டில் உள்ளவர்களின் நம்பிக்கை. சட்டைப்பையின் நிலவரம் வேறு.

புகை வந்தது. பச்சையாகவும் இல்லாமல் கருகலாகவும் இல்லாமல், ஈரக் களையைத் தீயில் போட்டதுபோல ஒரு வாடை. இஞ்சிப்புல் எரிகிறதோ என்று கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கொட்டுகிற மழையில் எந்தப் புல் எரியும்? அதுவும் தோன்றவில்லை. பாட்டியிடம் நான் பெரிய விஷயம் தெரிந்தவனாக, "அகத்தியர் மலையில்லையா பாட்டி, காத்துலயே மூலிகை வாசம்" என்றேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூலிகைதான் சார். போலீஸ் பிடிக்கிற மூலிகை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்திரண்டு வயது, முப்பது வருஷப் புகைப் பழக்கம், குடிமகனின் உரிமைகள் பற்றிப் பத்திரிகையில் எழுதி வாங்கிய சன்மானம் எல்லாம் இருந்தும் கஞ்சாப் புகை எதுவென்று மூக்குக்குத் தெரியவில்லை. அதற்கு நெருப்பு கொடுத்தவனும் நானே. 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தில் உடந்தைக்கென்றே 29-ஆவது பிரிவு இருக்கிறது. தீப்பெட்டி அதில் அடங்குமா என்று போனில் தேடலாமென்றால் போனக்காட்டில் சிக்னல் கிடையாது.

சரி, எழுந்து நாலு வார்த்தை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். தம்பிகளே, இது கேரளம். 1999 ஜூலை 12-இல் உங்கள் ஊர் உயர்நீதிமன்றம்தான் ராமகிருஷ்ணன் வழக்கில், பொது இடத்தில் புகைபிடிப்பது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று இந்தியாவுக்கு வழிகாட்டியது. பக்கத்தில் இருப்பவன் மூச்சில் புகையைத் திணிப்பது, 21-ஆவது பிரிவு அவனுக்குத் தந்த உயிர்வாழும் உரிமையில் கைவைப்பது. காற்றைக் கெடுப்பவனுக்கு 500 ரூபாய் வரை அபராதம் போட்ட பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278-ஆவது பிரிவைப் போலீஸ் தூசி தட்டி எடுக்கட்டும் என்றார்கள். 2001-இல் உச்சநீதிமன்றம் முரளி தேவ்ரா வழக்கில் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பிறகு 2003-இல் சட்டம், 2008 காந்தி ஜெயந்தி முதல் விதிகள், 200 ரூபாய் அபராதம்...

இந்த இடத்தில் ஒத்திகை தடுக்கி விழுந்தது. 2003 சட்டத்தில் புகைபிடித்தல் என்றால் புகையிலை மட்டும். அந்த 200 ரூபாய்க்குள் கஞ்சா வராது. அது 1985 சட்டத்துக்குப் போய்விடுகிறது. 27-ஆவது பிரிவு, ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு பிடித்தாலும் அதே குற்றம், கொட்டகையில் பிடித்தாலும் அதே குற்றம். பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் இருமினார்களா என்று அந்தப் பிரிவு ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிடித்தவனை உள்ளே தள்ளத் தெரிந்த சட்டத்துக்கு, பாட்டி மடியில் இருக்கும் குழந்தை கண்ணில் படவேயில்லை. கஞ்சாவை அவிழ்த்துவிட்ட நாடுகளுக்குத்தான் அந்தக் குழந்தை நினைவு வந்திருக்கிறது. 2018-இல் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், பெரியவர்கள் தனியிடத்தில் பிடிக்கலாம், பொது இடத்திலும் குழந்தைகள் முன்னாலும் சம்மதமில்லாதவர்கள் முன்னாலும் கூடாது என்றது. 2022 ஜூனில் கஞ்சாவை விடுவித்த தாய்லாந்து, கையோடு அதன் வாடையையும் புகையையும் பொதுத்தொல்லை என்று அறிவித்தது.

என் கட்சி இதுதான். அந்தப் பையனை ஜெயிலில் போட வேண்டுமா என்றால் வேண்டாம் என்பேன். வெட்டவெளியில் காற்றோடு போகிற புகைக்காக நான் மல்லுக்கட்டவும் மாட்டேன். வாடை பிடிக்கவில்லை என்பது ஒரு வழக்கா? அப்படிப் பார்த்தால் என் பக்கத்து வீட்டுக் கருவாட்டுக்கும் தடை வாங்கலாம். ஆனால் மழைக்கு ஒதுங்கிய மூன்று சுவருக்குள், மூச்சு இழுக்கிற பிள்ளையின் முகத்துக்கு இரண்டு முழம் தள்ளி ஊதினால், அது கஞ்சாவானாலும் சரி, என் பிராண்டு சிகரெட்டானாலும் சரி, அவள் பங்குக் காற்றைப் பிடுங்குவதுதான். இவ்வளவு தெளிவாக நான் அங்கே யோசித்ததாகச் சொன்னால் பொய். அங்கே என்னைக் குத்தியது புகை இல்லை, கஞ்சா என்ற பேர். அவன் கையில் இருந்தது சாதாரண சிகரெட்டாக இருந்திருந்தால் நானும் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பேன்.

எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல திடகாத்திரமான பிள்ளைகள்.

"மோனே..." என்று தொடங்கினேன். "பஸ் எப்போழா?"

"இப்போ வரும் அங்கிளே."

உட்கார்ந்தேன்.

பாட்டி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "மோனே, குஞ்ஞினு வலிவாணு" என்றார். அவ்வளவுதான். சுருட்டு அந்த நொடியே தரையில் நசுங்கியது. "ஸோரி அம்மூம்மே" என்றபடி மூன்று பேரும் கொட்டகையை விட்டிறங்கி, பஸ் வரும்வரை மழையிலேயே நின்றார்கள். ஒருவன் தன் நனைந்த துண்டை உதறி உதறி உள்ளே இருந்த புகையை வெளியே விரட்டிவிட்டுப் போனான்.

மலையாளத்தில் இழுப்பு நோய்க்கு வலிவு என்று பேர். புகைபிடிப்பதற்குப் புகவலி. புகவலி பாடில்ல என்ற பலகையைத் திருவனந்தபுரத்தில் தெருவுக்குத் தெரு படித்திருக்கிறேன். இழுக்கிறவன் வலியும் இழுப்பு வந்தவளின் வலிவும் ஒரே வேரில் நிற்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பாட்டிக்கு நீதிமன்றமும் தேவைப்படவில்லை, பிரிவு எண்ணும் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் எனக்கு வேறொரு பஸ் நினைவுக்கு வந்து தொலைத்தது. 1999, அந்தத் தீர்ப்பு வந்த புதிது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வாரம் ஒருமுறை போவேன். களியக்காவிளை வருவதற்குள் கடைசி சிகரெட்டை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கடைசி சீட்டுக் கூட்டத்தின் கணக்கு. எல்லைக்கு இந்தப் பக்கம் அடுத்தவன் நுரையீரலுக்கு அரசியல் சாசனம் கிடையாது என்று நாங்களே தீர்மானித்திருந்தோம். மார்த்தாண்டம் தாண்டி, கைக்குழந்தையோடு முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா திரும்பி, "தம்பி, பிள்ளைக்குப் புகை ஆகாது" என்றார். நான் சொன்ன பதில்: "ஜன்னலைத் திறந்து வச்சுக்கிடுங்க அக்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். கூட்டமும் சிரித்தது. களியக்காவிளையில் அணைத்தேன்.

அந்தக் கஞ்சாப் பையன்கள் ஒரு வாக்கியம் கேட்டதும் செய்ததை நான் அன்று செய்யவில்லை.

இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மனைவி ஈரச் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன நாத்தம்?" என்றாள். ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பங்களா, மழை, பாட்டி, குழந்தை, பையன்கள், கஞ்சா, தீப்பெட்டி. ஆறு வருஷத்தில் புகை விஷயமாக நான் வீட்டில் சொன்ன முதல் உண்மை அது. அவள் முழுசும் கேட்டாள். சட்டையை வாளியில் போட்டாள். அப்புறம் சொன்னாள்:

"தீப்பெட்டி குடுத்தேன்னு சொன்னீங்கல்லா, அத நம்புறேன். சிகரெட்ட விட்டு ஆறு வருசம் ஆன மனுசன் சட்டைப்பையில தீப்பெட்டி எதுக்கு?"