பட்டாம்பூச்சியும் பேரழிவும்

2011-இல் வந்த ஸ்கைரிம் வீடியோ கேமில் உலகையே அழிக்க ஆல்டுயின் என்ற டிராகன் திரும்பிவிட்டது. நாயகனோ மருந்து காய்ச்சப் பட்டாம்பூச்சியின் சிறகைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான். பொறுப்பான பிள்ளை. உலகம் முடியப்போகும் நேரத்தில் பூப்பறிப்பா என்று கேட்பவர்கள் டிராகனின் பெருந்தன்மையை அறியாதவர்கள்: பறித்து முடிக்கும்வரை, எத்தனை மாதமானாலும், அது காத்திருக்கும். சேர்த்தவற்றின் சுமை 300-ஐத் தாண்டினால் ஓட முடியாதே என்பார்கள். அதற்கும் வழியுண்டு. ராட்சதனைக் கொன்று, அவன் கால்விரலைத் தக்க பொருளோடு சேர்த்துக் காய்ச்சிக் குடித்தால் இன்னும் கொஞ்சம் சுமக்கலாம். சேர்த்ததைச் சுமப்பதற்காக மேலும் சேர்ப்பது. எந்த நிதியமைச்சகமும் இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்டதில்லை. கடைசியில் டிராகன் சாகிறது, வாளால். மருந்துப் புட்டிகளா? அவசரத்துக்கு உதவுமென்று வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அது போதாதென்று அடுத்த ஊரில் இன்னொரு வீடு பார்த்தாயிற்று.