ஒட்டுப்பட விமர்சன இயல்: ஈஜிபுராவை முன்வைத்து ஓர் ஆய்வு

ஈஜிபுராவில் ஒரு பிறந்தநாள் பேனர் ஏறினால், கயிற்று முடிச்சு இறுகுமுன்பே அதன் கீழே நான்கு பேர் கூடிவிடுவார்கள். ஒருவர் கைகட்டி நிற்பார். ஒருவர் ஃபோனில் படம் பிடித்து உடனே யாருக்கோ அனுப்புவார். ஒருவர் தம் முகம் எங்கே என்று தேடுவார். நான்காமவர் எழுத்துப்பிழை பார்ப்பார். இந்நால்வரும் உதிர்க்கும் கருத்துகள் தொகுப்பாரின்றிக் காற்றோடு போகின்றன. அவற்றைத் தொகுத்து, வகுத்து, ‘ஒட்டுப்பட விமர்சன இயல்’ என்ற பெயரில் ஒரு துறையாக நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை என்றால் வரையறை வேண்டும். வெவ்வேறு புகைப்படங்களிலிருந்து ஆட்களை வெட்டி எடுத்து, எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றதுபோல் அடுக்குவது ஒட்டுப்படம். அதைப் பார்த்தவர் வாய் திறந்து சொல்வது விமர்சனம். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் போவது நாகரிகம். அது இத்துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

களம்

ஈஜிபுராவைத் தேர்ந்தது தற்செயலன்று. பெங்களூரில் கன்னடத்தோடு தமிழும் தாராளமாகக் காதில் விழும் பகுதிகளில் அது ஒன்று. ஒரு பக்கம் விவேக்நகரும் குழந்தை யேசு ஆலயமும். மறுபக்கம் கோரமங்கலா, மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு காபி ஆறவிடும் வடிவமைப்பாளர்களின் ஊர். இடையில் சோனி வேர்ல்டு சிக்னல். சிக்னலுக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே படத்தைக் காட்டினால், இரண்டு வேறு படங்களைப் பற்றிப் பேசுவதுபோல விமர்சனம் வரும்.

இந்த ஊருக்கு ஒட்டுவேலையில் தனிப்பட்ட பயிற்சியும் உண்டு. இங்கிருந்து கேந்திரிய சதன் வரை சுமார் 2.5 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டும் வேலை 2017-இல் தொடங்கியது. ஒப்பந்தக்காரர் மாறினார், ஆண்டுகள் ஓடின, தூண்கள் மட்டும் நெடுநாள் நின்றன. ஒரு லேயரில் தூண், இன்னொரு லேயரில் தளம், இரண்டையும் மெர்ஜ் செய்யாமல் ஃபைலைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போன டிசைனரின் திரைபோல அந்தச் சாலை கிடந்தது. முடியாத வேலையைப் பார்த்துப் பழகிய கண்கள் ஒட்டுத் தெரிவதைப் பெரிதுபடுத்துவதில்லை.

சட்டநிலையையும் குறித்துவிடலாம். 2018 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்ததைத் தொடர்ந்து, அப்போதைய பெங்களூரு மாநகராட்சி ஃப்ளெக்ஸுக்குத் தடை விதித்தது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்ததால் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதற்குப் பிறகு சாலையில் பேனர் கட்டுவதை வேடிக்கையாகப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஒட்டுப்படங்களில் பாதி இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மீதிப் பாதி இரவில் ஏறிப் பகலில் இறக்கப்படுகின்றன. கட்டும் இடம் பற்றி இந்த ஆய்வு பேசாது. படத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

முன்னோர்

புகைப்பட ஒட்டுவேலையின் முதல் பெரிய பலி ஆஸ்கர் ரெய்லாண்டர். 1857-இல் அவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ‘வாழ்வின் இரு வழிகள்’ என்ற படத்தை உருவாக்கினார். 32 நெகட்டிவ்கள் என்பது பலர் தரும் கணக்கு. ஒரு பக்கம் நல்வழி, இன்னொரு பக்கம் தீயவழி. அன்றைய இருட்டறையில் அது ராட்சத வேலை. ஆனால் வந்த விமர்சனம் என்ன? ஒட்டிய இடம் தெரிகிறது என்று ஸ்காட்லாந்து புகைப்படச் சங்கம் சொல்லவில்லை. தீயவழிப் பக்கத்தில் இருந்தவர்கள் உடையில்லாமல் இருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்சிக்கு வைக்க மறுத்தது. விக்டோரியா அரசியோ ஒரு பிரதியை விலைக்கு வாங்கினார்.

மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களைக் கொண்டு, சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் அவளைச் சுற்றியிருக்கும் குடும்பத்தையும் ஒரே படமாக்கினார். இத்தனை துயரத்தைப் புகைப்படத்தில் காட்டலாமா என்று விமர்சகர்கள் கொதித்தார்கள். இளவரசர் ஆல்பர்ட்டுக்குப் படம் பிடித்துப்போயிற்று.

இந்த இரண்டு சான்றுகளிலிருந்து துறையின் முதல் விதி கிடைக்கிறது: பார்ப்பவர் ஓரத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கிறார். யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார், பக்கத்தில் யார். ஒளியும் நிழலும் அப்புறம்தான்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. யானைத்தலை பொருத்தப்பட்ட பிள்ளையைப் பார்த்த பார்வதிக்கு மனம் ஆறவில்லை. அதன்பின் விநாயகருக்கே முதல் வணக்கம் என்று முடிவாயிற்று என்கிறது புராணம். கழுத்தில் தோல்நிறம் ஒத்துவருகிறதா என்ற பேச்சே அங்கே எழவில்லை. வரிசையில் முதலிடம் கொடுத்ததும் குறை தீர்ந்தது. ஈஜிபுரா டிசைனர்கள் இன்றுவரை பின்பற்றும் தீர்வு இதுவே.

இரு மரபுகள்

சிக்னலுக்கு அந்தப் புறம் உள்ளதைக் கோரமங்கலா மரபு எனலாம். ஆளுக்கு இடப்பக்கம் வெயில், பின்னணிக்கு வலப்பக்கம் வெயில், இது எப்படி? காலடியில் நிழல் எங்கே? முடியின் ஓரத்தில் வெள்ளைக்கோடு ஏன்? முகம் டியூப்லைட்டில் எடுத்தது, மலை மாலை வெயிலில் எடுத்தது, நிறம் ஒட்டவில்லையே? கேமரா கீழிருந்து பார்க்கிறது, ஆள் மட்டும் ஏன் மேலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறார்? இணையப் படத்தொகுப்புப் போட்டிகளின் நடுவர்கள் இம்மரபினர். 2002-இல் தொடங்கிய ‘வொர்த் தவுசண்ட்’ போட்டிகள் உலகெங்கும் இந்தக் கண்ணைப் பயிற்றுவித்தன. தமிழில் 2007-இல் தொடங்கிய ‘பிட்’ குழு, அதாவது ‘தமிழில் புகைப்படக்கலை’, மாதப் போட்டிகள் வைத்தும் கிம்ப் மென்பொருளில் பாடம் நடத்தியும் அதே வேலையைச் செய்தது.

ஈஜிபுரா மரபு வேறு. அதன் முழு வினாநிரல் இது: “அண்ணன் மூஞ்சி ஏன் சின்னதா கீது?” “அவன் படத்த ஏன் மேல போட்ட?” “கொஞ்சம் கலரா பண்ணு குரு.” “மச்சா, என் பேரு எங்க?”

முதல் மரபு ஒட்டுப்படத்தைப் புகைப்படமாக நினைக்கிறது. இரண்டாம் மரபு அதை அழைப்பிதழாக நினைக்கிறது. அழைப்பிதழில் தாய்மாமன் பெயருக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று எவரும் கேட்பதில்லை. பெயர் இருக்கிறதா, எத்தனையாவதாக இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆகவே நடுவில் ஏழடி உயரத்தில் ஒருவரும், அவர் முழங்கால் உயரத்தில் வட்டம் வட்டமாகப் பதினெட்டுப் பேரும் இருப்பது அளவுப் பிழையன்று. நடராசர் காலடியில் கிடக்கும் முயலகன் அளவு குறைவாக இருக்கிறான் என்று எந்தப் பக்தரும் இதுவரை புகார் கொடுத்ததில்லை. ராஜஸ்தானத்து நாத்துவாராவில் ஓவியர்கள் ஸ்ரீநாத்ஜிக்கு முன் கைகூப்பி நிற்கும் பக்தர்களின் உடலை வரைந்து, முகத்துக்கு மட்டும் அவர்களுடைய புகைப்படத்தை வெட்டி ஒட்டினார்கள். பணம் கொடுத்தவர் முகம் அடையாளம் தெரிந்தால் போதும் என்பதே அங்கும் கணக்கு.

நன்னூல்வழிக் குற்றப் பட்டியல்

விமர்சனத்துக்கு இலக்கணம் தேடி மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் செய்தபோது நூலுக்குப் பத்துக் குற்றங்களை வகுத்தார். அவரை ஆதரித்த சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய கங்கர் மரபுச் சிற்றரசன். குவளாலபுரம், அதாவது இன்றைய கோலார், அவன் பட்டப்பெயரோடு சேர்ந்த ஊர். கோலார் பெங்களூருக்கு எழுபது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. எனவே நன்னூலின் அதிகார எல்லைக்குள் ஈஜிபுரா அடங்கும் என்பது இவ்வாய்வின் துணிபு. அதே நன்னூல் உத்திகளை 32 என்று எண்ணுவதையும், ரெய்லாண்டருக்குச் சொல்லப்படும் நெகட்டிவ்களும் 32 என்பதையும் தற்செயல் என்று தள்ளிவிட ஆய்வுக்கு மனம் வரவில்லை.

பத்தில் இங்கே பெருவழக்காகக் கிடைப்பவை ஐந்து.

குன்றக் கூறல்: கல்யாண வீட்டில் ஐவர் நின்ற படத்திலிருந்து ஒருவரை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். பக்கத்தில் நின்றவரின் கை அவர் தோளில் மட்டும் தங்கிவிடும். உடம்பில்லாத அந்தக் கை பேனரில் எந்தக் கட்சி என்று தெரியாமல் நிற்கும்.

மிகைபடக் கூறல்: பின்னால் சிங்கம், மேலே புறாக்கள், பக்கவாட்டில் தீப்பொறி, எல்லாவற்றின் மேலும் ஓர் ஒளிக்கீற்று. சிங்கம் மட்டுமே கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கூறியது கூறல்: ஒரே முகம் நடுவில் பெரிதாகவும், இடப்பக்கம் கறுப்புக் கண்ணாடியுடனும், மேலே மங்கலாக மேகத்துக்குள்ளும் வருவது. நன்னூலார் இதைக் குற்றம் என்றார். பிறந்தநாள்காரர் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்.

மாறுகொளக் கூறல்: நிழல் இரண்டு திசையில் விழுவது. கோரமங்கலா மரபு இதைக் கண்டுதான் தூக்கம் இழக்கிறது. ஈஜிபுராவில் இதைச் சொன்னால், “ரெண்டு பக்கமும் லைட் போட்டாங்க போல” என்று விடை வரும்.

சென்று தேய்ந்து இறுதல்: இது கணக்கில் நிறுவத்தக்க குற்றம். வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கித்தான் வரும். அகலவாக்கில் 1,600 புள்ளிகள் உள்ள படத்தை 10 அடிக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 13 புள்ளிகள்தான் கிடைக்கும். திரையில் தெளிவாகத் தெரிந்த தலைவர், அச்சில் வரும்போது கட்டம் கட்டமாகத் தேய்ந்துபோவார். பழி டிசைனர்மேல் விழும். படத்தை டாகுமெண்டாக அனுப்பு என்று அவர் கெஞ்சியது எந்தப் பேனரிலும் அச்சாவதில்லை.

மறுப்பும் விடையும்

ஒட்டுத் தெரிவது குற்றமே இல்லை என்றால், அதற்காக ஊரே சிரித்த வழக்குகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பிரதமர் மோதி வான்வழியாகப் பார்வையிட்டார். அவர் ஜன்னல் வழியே பார்க்கும் படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. அந்த ஜன்னலுக்குள் வெள்ளம் சூழ்ந்த வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. வேறொரு படத்தை எடுத்து அங்கே பொருத்தியிருந்தார்கள். சில மணி நேரத்துக்குள் நாடு முழுவதும் அதே ஜன்னலில் தத்தமக்கு வேண்டிய காட்சிகளை ஒட்டி விளையாடத் தொடங்கிவிட்டது. அலுவலகம் படத்தை நீக்கி, இரு படங்களை இணைத்ததற்கு வருத்தம் தெரிவித்தது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக், அட்டையின் நெடுவாட்டு வடிவத்துக்குள் அடங்குவதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் கொஞ்சம் நெருக்கி வைத்தபோதும் இதே கதைதான்.

இவை விதிக்கு மாறானவை அல்ல, விதிக்குச் சான்று. அந்தப் படங்கள் ‘இதோ, கண்ணால் கண்டது’ என்று சாட்சி சொல்ல வந்தவை. சாட்சிக்கூண்டில் ஏறியவரைத்தான் குறுக்கு விசாரணை செய்வார்கள். பிறந்தநாள் பேனர் எந்தக் கூண்டிலும் ஏறுவதில்லை. நம்ம ஏரியா பையன் இமயமலைக்கு முன்னால் நிற்கும்போது அவன் இமயமலைக்குப் போனான் என்று ஈஜிபுராவில் எவரும் நம்புவதில்லை. நம்ப வேண்டும் என்று அவனும் எதிர்பார்ப்பதில்லை.

தனிவகை

ஒன்றை மட்டும் இந்தப் பகடிக்கு வெளியே வைக்க வேண்டும். பெண்ணின் கல்யாணப் படத்தில் காலமான தகப்பனாரைச் சேர்த்துத் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்கு வருவார்கள். பெரும்பாலும் கையில் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய படமாக இருக்கும். டிசைனர் அதற்கு வேறொரு உடம்பும் பட்டுச்சட்டையும் தேடிப் பொருத்துவார். அதைப் பார்த்து அந்த அம்மா சொல்லும் திருத்தம் எந்தப் போட்டி நடுவருக்கும் தோன்றாதது: “அவரு மேல் பட்டன் போடமாட்டாரு.” டிசைனர் மறுபேச்சின்றிப் பட்டனைக் கழற்றிக் கொடுப்பார். ஈஜிபுரா மரபின் உச்சம் இந்த இடம். அங்கே விமர்சகருக்கு ஒளியியல் தெரியாது, ஆளைத் தெரியும்.

முடிவும் பரிந்துரையும்

இரு மரபுகளில் எது சரி என்ற கேள்விக்கு இவ்வாய்வின் தீர்ப்பு: செய்திப் படத்துக்கும் போட்டிப் படத்துக்கும் கோரமங்கலா மரபு பொருந்தும், பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் ஈஜிபுரா மரபு பொருந்தும். ஒன்றின் அளவுகோலை மற்றதற்கு வைப்பவர் விமர்சகர் ஆகார்.

விமர்சனம் செய்வோருக்கு நான்கு வேண்டுகோள்கள். குறையை அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள். கயிறு கட்டிய பிறகு சொல்வது விமர்சனமன்று, வம்பு. எட்டுப் பேர் எட்டுத் திருத்தம் அனுப்பாமல் ஒருவர் தொகுத்து அனுப்புங்கள். படம் ஃபோனில் இருக்கட்டும், சாலையில் வேண்டாம். உங்கள் படத்தை டிசைனருக்கு அனுப்பும்போது மறக்காமல் டாகுமெண்டாக அனுப்புங்கள்.