உப்புக் கணக்கு

1992 கடைசியில் சென்னையில் காலரா கிளம்பியபோது நான் நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. பின்னால் ஓ139 என்று எண் கொடுக்கப்பட்ட புது வகைக் கிருமி அது. சென்னைப் பக்கம் தலைகாட்டி, சில மாதங்களுக்குள் கல்கத்தா, வங்கதேசம் வரை பரவிவிட்டது. பழைய காலராவைத் தாங்கிப் பழகிய உடம்புக்கும் இதனிடம் பாதுகாப்பு இல்லாததால் பெரியவர்களே நிறைய வந்தார்கள். காலையில் மூட்டை சுமந்த ஆள், ராத்திரி கண் குழிவிழுந்து, குரல் கம்மி, மணிக்கட்டில் நாடி பிடிபடாமல் கிடப்பார். விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, அலறக்கூடத் தெம்பு இருக்காது.

காலராக் கட்டிலை இன்றைய மாணவிகளில் பலர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ரெக்சின் விரித்த கட்டில், நடுவே வட்ட ஓட்டை, அடியில் அளவுக் கோடு போட்ட வாளி. நோயாளி எழுந்திருக்க வேண்டியதில்லை. கஞ்சித்தண்ணி நிறத்தில் போவது நேராக வாளியில் விழும். சிலருக்கு மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். வாளியில் எவ்வளவோ அவ்வளவையும் உடம்புக்குள் திருப்பிப் போட்டாக வேண்டும். 50 கிலோ ஆள் துவண்டுபோய் வந்தால் முதல் அரை மணியில் ஒன்றரை லிட்டர் ரிங்கர் லாக்டேட், அடுத்த இரண்டரை மணியில் மூன்றரை லிட்டர். இரண்டு கையிலும் ஊசி போட்டு, பாட்டிலை உயரத் தூக்கிக் கட்டி, குழாயை முழுக்கத் திறந்துவிடுவோம். நாடி திரும்பி, மனுஷன் கண்ணைத் திறந்து, "சிஸ்டர், தண்ணி" என்று கேட்கும்போது மணியைப் பார்த்தால் அரை மணிதான் ஆகியிருக்கும். மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் உயிர் திரும்புவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்த நாளில் சோடியம், பொட்டாசியம் அளவு ஆய்வகத்திலிருந்து வர மறுநாள் ஆகும். அதற்குள் ஆள் பிழைத்திருப்பார், இல்லை போயிருப்பார். ஆகவே உடம்பைப் பார்த்தே சொல்லப் பழகினோம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் எவ்வளவு நேரத்தில் படிகிறது, நாக்கு காய்ந்திருக்கிறதா, குழந்தையானால் உச்சிக்குழி அமுங்கியிருக்கிறதா, கடைசியாக ஒண்ணுக்குப் போனது எப்போது. சொட்டை எண்ணுவது சட்டையில் குத்திய கடிகாரத்தை வைத்து. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் ஒரு லிட்டரை எட்டு மணி நேரத்தில் முடிக்க நிமிஷத்துக்கு 42 சொட்டு. இந்தக் கணக்கு இன்னும் என் தூக்கத்தில்கூட வரும்.

உறவுக்காரர்களிடம்தான் பெரிய போராட்டம். "வயிறு போயிட்டிருக்கு, இதுல தண்ணி குடுத்தா இன்னும் போகாதா சிஸ்டர்? நீங்க குளுக்கோஸ் ஏத்துங்க, அது போதும்" என்பார்கள். ஆனால் குடிக்கும் நீரே உயிர் காக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 1971இல் வங்கதேசப் போரில் அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் ஊற்றி, அதை எடுத்துக் குடிப்பாட்டும் வேலையை உறவினர்களிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அதை நடத்திக் காட்டியவர்களே தாய்மார்களும் தகப்பன்மார்களும்தான். சர்க்கரை குடல் சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் கூடவே கூட்டிப்போகும், அதன் பின்னால் தண்ணீர் போகும். காலரா குடலை எவ்வளவு பாடுபடுத்தினாலும் இந்த ஒரு வாசல் மூடுவதில்லை. படிக்காத அம்மாவுக்கும் இதை நிதானமாகச் சொன்னால் புரிந்தது. அப்புறம் ஸ்பூன் ஸ்பூனாக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஊட்டினார்கள்.

இப்போது நான் இருக்கும் வார்டில் அந்த வாளி இல்லை. ரத்தத்தைச் சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தால் சில நிமிஷத்தில் சோடியமும் பொட்டாசியமும் திரையில் வந்துவிடும். பம்ப் வைத்தால் மணிக்கு இத்தனை மில்லி என்று அதுவே போகும். இவையெல்லாம் உயிர் காக்கும் நல்ல மாற்றங்கள். எனக்கு மிக ஆறுதல் தருவது பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை வார்டு ட்ராலியிலிருந்து எடுத்துவிட்டதுதான். அப்போது 15 சதவீத கே.சி.எல்., 10 மில்லி ஆம்பூல், டிஸ்டில்ட் வாட்டர் ஆம்பூலுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். இரண்டிலும் பார்வைக்கு நிறமில்லாத தண்ணீர். ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம். கரைக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அரை இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அந்த ட்ராலியில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும். இன்றைக்கு அது தனியாகப் பூட்டி வைக்கப்படுகிறது. எடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலன்ட்டுக்கு மேல் கலக்காமல், கை நரம்பு வழியாக மணிக்கு 10ஐத் தாண்டாமல், கலந்தபின் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, "எரியுதா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும்.

ஆனால் நோயாளிகள் தலைகீழாக மாறிவிட்டார்கள். அன்று உப்பும் தண்ணீரும் வழிந்தோடிப் போனவர்கள் வந்தார்கள். இன்று அக்கறையோடு உப்பை நிறுத்திய வீட்டிலிருந்து வருகிறார்கள். எழுபது வயது அம்மா. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. யாரோ சொன்னார்கள் என்று மருமகள் சாப்பாட்டில் உப்பை அறவே எடுத்துவிட்டு, உடம்புக்கு நல்லது என்று நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீரும் குடிக்க வைத்திருக்கிறாள். "நாலு நாளா சம்பந்தமில்லாம பேசறாங்க சிஸ்டர், என்னையே யாருன்னு கேக்கறாங்க. வயசாச்சில்ல, மறதி வியாதியா இருக்குமோ?" என்று அழுதாள். சோடியம் 114, இருக்க வேண்டியது 135க்கு மேல்.

காலராவில் வேகம்தான் உயிர் கொடுத்தது. இங்கே அதே உப்புநீரை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டு நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் விழுங்குவதும் கைகாலும் போய்விடலாம். எனவே 3 சதவீத உப்புநீரைப் பம்பில் சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணிக்கொருதரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, சோடியம் முதல் நாளில் 8 புள்ளிக்கு மேல் ஏறவிடாமல் பிடித்து நிறுத்தினோம். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பழகிய கைக்கு இந்தப் பொறுமை புதுப் பாடம். மூன்றாம் நாள் அந்த அம்மா மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இளநீரும் அப்படித்தான். அன்று வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் போய்த் துவண்டவர்களுக்கு வாங்கிவரச் சொன்னதை, இன்று டயாலிசிஸ் நோயாளியின் கையிலிருந்து வாங்கி வைக்கிறேன். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அந்தப் பொட்டாசியத்துக்கு வெளியே போக வழியில்லை. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் இவர்களுக்கு ஆபத்து. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் இருக்கும். எவ்வளவு படித்த குடும்பமானாலும் பொட்டலத்தின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

உப்பு-சர்க்கரை நீர் கலக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் வாசிக்காமல் விடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் அட்டைப்பெட்டியில் வந்தன. சர்க்கரை மிஞ்சினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை இன்னும் கூட்டும். 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பன்காவில் பீப்பாயில் ஊற்றிக் கொடுத்த நீரின் பெயரைக் குழந்தைகளின் வயிற்றைக் கெடுக்கும் பானத்துக்கு வைத்தார்கள் என்பதை என்னால் இன்னும் சகித்துக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் தொலைத்ததும் ஒன்று உண்டு. இன்டேக் அவுட்புட் சார்ட்டைப் புரட்டினால் "யூரின் 3 தடவை", "குடித்தார்" என்று எழுதியிருக்கும். எத்தனை மில்லி? யூரோபேக்கை எத்தனை மணிக்குக் காலி பண்ணினார்கள்? சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கியது யார் கண்ணில் பட்டது? திரையில் வரும் எண் ரத்தத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும்; காலையிலிருந்து உள்ளே என்ன போனது, வெளியே என்ன போனது என்பதைப் பக்கத்தில் இருப்பவர்தான் சொல்ல முடியும். தினம் காலையில் அதே தராசில், அதே மாதிரி உடுப்பில் எடை பார்த்தால் ஒரே நாளில் ஏறிய ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் என்று காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

என் கூட வேலை பார்க்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது படுக்கைக்கு இரவில் இரண்டு பேர் என்றால் எந்தப் பையை எப்போது அளப்பார்கள்? அவர்கள் எழுதும் பதிவேடுகளை எண்ணினாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்: அடுத்த பம்ப் வாங்கும் முன்னால் ராத்திரி டூட்டிக்கு இன்னும் இரண்டு நர்ஸைப் போடுங்கள், மணிக்கொருமுறை அளக்க வேண்டிய நோயாளி யார் யார் என்று டூட்டி ஒப்படைக்கும்போதே பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்கிறோம்.